சத்தமில்லாத பகிடிப் படம் எடுக்கிறது எப்பிடி: அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நாங்கள் திருகோணமலையில அஞ்சு பேர். ரெண்டு பேர் என்னோட ஒரே டியூஷன், ஒராள் மச்சான் முறை, ஒராள் ஓட்டோ ஓடுற அண்ணன், மற்றது நான். மூண்டு வருசத்தில மூண்டு குட்டிப் படம் எடுத்தனாங்கள். மூண்டும் வசனமே இல்லாத, ஆக்கள் துரத்துப்பட்டு விழுந்தெழும்புற பகிடிப் படம், நூறு வருசத்துக்கு முந்தின சைலண்ட் பட ஸ்டைலில. அதுக்குப் பிறகு சந்தையில கண்டாலும் கலியாண வீட்டில கண்டாலும் ஆக்கள் ஒரே கேள்வியளைத்தான் கேக்கினம். எல்லாருக்கும் தனித்தனியா வொய்ஸ் அனுப்பித் தொண்டை வத்திப்போச்சு, அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதிப்போட்டு விடுறன்.

கேள்வி: சாதாரணமா ஒரு வீடியோ எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, கோடு கீறின ஃபில்டர் போட்டு, வேகத்தைக் கூட்டி விட்டா சைலண்ட் படம் தானே?

இல்லை. எங்கட முதல் படம் அப்பிடித்தான் செய்தனாங்கள், அதால நம்பிச் சொல்றன். ஆறு நிமிசப் படம், ஒருத்தரும் சிரிக்கேல்ல, என்ர அம்மா மட்டும் "வடிவா இருக்கு தம்பி" எண்டா, அதிலயே விளங்கிட்டுது.

பழைய படங்கள் பகிடியா இருக்கிறதுக்குக் காரணம் அதுகள் பழசா இருக்கிறது இல்லை. காரணம் இதுதான்: பாக்கிற ஆளுக்குத் தெரியும், படத்தில இருக்கிற ஆளுக்குத் தெரியாது. 1895 இல பிரான்சில லூமியர் சகோதரர்கள் எடுத்த ஒரு படம், ஒரு நிமிசமும் இல்லை. ஒரு தோட்டக்காரர் ஹோஸ் பைப்பால தண்ணி அடிச்சுக்கொண்டு நிக்கிறார், பின்னால ஒரு பெடியன் வந்து பைப்பை மிதிக்கிறான், தண்ணி நிண்டுபோச்சு, இவர் என்னடா எண்டு பைப்பின்ர வாய்க்குள்ள எட்டிப் பாக்கிறார், பெடியன் காலை எடுக்கிறான். அவ்வளவுதான். சினிமாவின்ர முதல் பகிடிப் படம் எண்டு இதைத்தான் சொல்லுவினம். இதில கமரா அசையவே இல்லை, ரெண்டு பேரும் ஒரே ஃபிரேமுக்குள்ள தலையில இருந்து கால் வரைக்கும் தெரியினம், அதால தண்ணி அடிக்கப்போகுது எண்டு எங்களுக்கு அவருக்கு முன்னமே தெரியும், அந்த ரெண்டு செக்கன் காத்திருக்கிறதுதான் சிரிப்பு. பெடியனைத் தனி ஷொட்டிலயும் தோட்டக்காரரைத் தனி ஷொட்டிலயும் வெட்டி வெட்டிக் காட்டினா அது செத்துப்போகும். வேணுமெண்டா எடுத்துப் பாருங்க. எங்கட ஊரில ஹோஸ் பைப் இல்லாத வீடு குறைவு, முதல் பயிற்சிக்கு இதைவிட நல்லது கிடையாது.

கேள்வி: கதை எங்க இருந்து எடுக்கிறது? மூளைக்குள்ள ஒண்டும் வருகுதில்லை.

கதை தேடாதீங்க, ஒரு ஆசையைத் தேடுங்க. ஒராளுக்கு ஒரு சின்னச் சாமான் வேணும், உலகம் அதைக் குடுக்குதில்லை. பெரிய ஆசை எண்டா நாடகமாப் போயிடும், சின்ன ஆசை எண்டாத்தான் பகிடி.

எங்கட ரெண்டாவது படம் சூன் பாண் படம். இலங்கையில இருக்கிறவைக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவைக்குச் சொல்றன்: பின்னால கண்ணாடிப் பெட்டி பூட்டின ஓட்டோவில பாணும் (ரொட்டி) பணிசும் (பன்) வரும், ஸ்பீக்கரில பீத்தோவனின்ர ஃபியூர் எலிஸ் மெட்டு போய்க்கொண்டே இருக்கும், அதைக் கேட்டவுடன சனம் படலைக்கு ஓடும். ஒரு மெலிஞ்ச ஐயா, சாரம் (லுங்கி) கட்டினவர், அவருக்கு ஒரு பணிஸ் வேணும். இதுதான் முழுக் கதை. அவர் ஓடுறார், ஓட்டோ நிக்குது, கிட்டப் போகேக்க சாரம் அவிழுது, குனிஞ்சு கட்டுறார், நிமிந்து பாத்தா ஓட்டோ இல்லை. ரெண்டாவது தரம் சாரத்தை ஒரு கையால இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு ஓடுறார், இப்ப காசு விழுந்து உருளுது. மூண்டாவது தரம் காசை வாயில கவ்விக்கொண்டு, சாரத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு ஓட்டோவைப் பிடிச்சே விடுறார், ஆனா வாயில காசு இருக்கிறதால என்ன வேணுமெண்டு சொல்ல ஏலாது, கையால காட்டினா சாரம் போயிடும். கடைசியா வெறுங்கையோட வீட்டுக்கு வந்தா, பாண்காரர் இவற்ற படலைக்குப் பக்கத்திலயே ஓட்டோவை விட்டிட்டு, இவற்ற மனுசி குடுத்த தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு இருக்கிறார்.

இதில ரெண்டு விசயம் கவனியுங்க. ஒண்டு, ஒரு தரத்துக்கு வந்த பிரச்சினையை அவர் தீர்க்கிறார், தீர்த்ததே அடுத்த பிரச்சினையைக் கொண்டு வருது. சும்மா மூண்டு தரம் விழுந்தா மூண்டாவது தரம் ஒருத்தரும் சிரிக்க மாட்டினம். ரெண்டாவது, சத்தமில்லாத படத்தில சூன் பாண் சத்தத்தை எப்பிடிக் காட்டுறது எண்டு ஒரு கிழமை மண்டையை உடைச்சனாங்கள். பிறகு மச்சான் சொன்னான், சத்தத்தைக் காட்டாத, கேட்டவையைக் காட்டு எண்டு. படுத்திருந்த நாய் தலையைத் தூக்குது, அழுதுகொண்டிருந்த குழந்தை நிப்பாட்டுது, மதிலுக்கு மேலால வரிசையா நாலு தலை எழும்புது, அது காணும்.

கேள்வி: எத்தினை நிமிசம் எடுக்கலாம்?

மூண்டு. அஞ்சுக்கு மேல போகாதீங்க. அந்தக் காலத்தில ஒரு றீல் எண்டா 1,000 அடி, ஓட்டுற வேகத்தைப் பொறுத்து பத்தில இருந்து பதினஞ்சு நிமிசம் வரும், ஒரு றீல் ரெண்டு றீல் பகிடிப் படங்கள்தான் கனக்க எடுத்தவை. அவையளே அரை மணித்தியாலத்துக்குள்ள முடிச்சிருக்கினம், எங்களுக்கு மூண்டு காணும்.

கேள்வி: கமரா என்ன வேணும்?

போன் காணும். ஆனா போனைக் கையில பிடிக்காதீங்க, இதுதான் முக்கியம். ட்ரைபொட் இல்லாட்டி ரெண்டு சீமெந்துக் கல்லுக்கு நடுவில போனை வைச்சு ரப்பர் பாண்ட் போடுங்க, எங்கட முதல் ரெண்டு படமும் அப்பிடித்தான். முன் கமரா வேண்டாம், அகலமாக் காட்டுற லென்சும் வேண்டாம், ஓரத்தில நிக்கிற ஆக்களை அது இழுத்து நீட்டிப்போடும். சாதாரண லென்சில நாலு அஞ்சு மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில வையுங்க. ஆளின்ர பாதம் தெரியவேணும், பாதத்துக்குக் கீழ கொஞ்சம் நிலமும் தெரியவேணும், ஏன் எண்டா ஆள் விழப்போறது அங்கதான். விழுந்த ஆள் ஃபிரேமுக்கு வெளிய போனா திரும்ப விழவேண்டி வரும், அதுக்கு ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டினம்.

பழைய படத்தின்ர ஃபிரேம் 4:3, கிட்டத்தட்டச் சதுரம். போன் எடுக்கிறது 16:9. அதால ஸ்கிரீனில ரெண்டு பக்கமும் கறுப்பு டேப் ஒட்டி, நடுவில இருக்கிறது மட்டும்தான் படம் எண்டு நினைச்சு எடுங்க. 1920 பிக்சல் அகலத்தில பக்கத்துக்கு 240 வெட்டினா 1440 க்கு 1080, கணக்குச் சரி. நாங்கள் டேப் ஒட்டாம எடுத்து, எடிட்டில வெட்டேக்க வில்லனின்ர பாதி உடம்பு போச்சு.

ஃபோகசையும் வெளிச்சத்தையும் லொக் பண்ணுங்க, ஸ்கிரீனில விரலை அழுத்திப் பிடிச்சா வரும். இல்லாட்டி வெள்ளைச் சேட்டு போட்ட ஆள் ஃபிரேமுக்குள்ள வர முழுப் படமும் இருட்டாகும்.

கேள்வி: பழைய படத்தில ஆக்கள் விறுவிறெண்டு ஓடுறது எப்பிடி வருது?

அப்ப கமராவைக் கையால சுத்தினவை. செக்கனுக்கு 16 படம் அளவில சுத்துவினம், ஆனா ஆளுக்கு ஆள் சீனுக்குச் சீன் மாறும். சத்தம் வந்த பிறகுதான் 24 எண்டு நிலையாச்சு. 16 இல எடுத்ததை 24 இல ஓட்டினா மூண்டு செக்கன் வேலை ரெண்டு செக்கனில முடியும், நாங்கள் ரிவியில பாத்த பழைய படங்கள் கனக்க அப்பிடித்தான் ஓடினது, அதாலதான் எல்லாரும் எறும்பு மாதிரி ஓடுற மாதிரித் தெரியும். ஆனா அது முழுக்கத் தவறுதலா வந்ததும் இல்லை. பகிடிப் படக் கமராக்காரர் துரத்துற சீனில வேணுமெண்டே மெதுவாச் சுத்தினவை, ஓட்டேக்க வேகமா வரட்டும் எண்டு.

நாங்கள் செய்யிறது இது: போனில செக்கனுக்கு 60 எண்டு எடுத்து, எடிட்டில 25 எண்டு புரொஜெக்ட் வைச்சு, வேகத்தை 125 வீதமாக்கிறது. அப்பிடிச் செய்தா சரியா ஒவ்வொரு மூண்டாவது படத்தையும் எடுக்கும், திக்கித் திக்கி ஓடாது. துரத்துற இடத்தில 140, 150 வரைக்கும் போகலாம். ஆனா விழுற இடத்தில வேகத்தைக் கூட்டாதீங்க. வேகம் கூடினா ஆளின்ர பாரம் போயிடும், துணிப் பொம்மை விழுற மாதிரி இருக்கும். இது என்ர அபிப்பிராயம், ஓட்டோ அண்ணன் இண்டைக்கும் ஒத்துக்கொள்ளேல்ல. வீட்டுக்குள்ள டியூப் லைட்டில எடுத்தா ஷட்டரை 1/100 இல வையுங்க, எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், இல்லாட்டி படம் மினுங்கும்.

கேள்வி: கறுப்பு வெள்ளை ஃபில்டர் எது நல்லது?

ஃபில்டரை விட உடுப்பு முக்கியம். அந்தக் கால ஃபிலிமுக்கு சிவப்பு நிறம் தெரியாது, சிவப்பெல்லாம் கறுப்பா விழும், நீலமெல்லாம் வெளுத்து வெள்ளையாப் போகும். அந்தத் தோற்றம் வேணுமெண்டா எடிட்டில கறுப்பு வெள்ளையாக்கேக்க சிவப்பைக் குறைச்சு நீலத்தைக் கூட்டுங்க. வானமும் கடலும் வெள்ளைத் தாள் மாதிரி வரும், அதில ஆக்கள் வெட்டி ஒட்டின மாதிரி நிப்பினம், வடிவா இருக்கும். குங்குமப் பொட்டு கரிப்பொட்டு மாதிரித் தெரியும்.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு, எங்கட தோலிலயும் சிவப்புத்தான் கூட, அதால முகமும் இருண்டு கண் மட்டும் தெரியும். அந்தக் காலத்தில இதுக்காகத்தான் முகத்தில வெள்ளை பூசினவை. நீங்கள் பூசாதீங்க, எங்கட வெயிலுக்கு பத்து நிமிசத்தில வழிஞ்சு பேய்ப் படம் ஆயிடும். சிவப்பைப் பாதி அளவுக்கு மட்டும் குறைச்சு, முகத்துக்கு ஒரு வெள்ளை றெஜிபோம் (தெர்மகோல்) அட்டையால வெளிச்சத்தைத் திருப்பி விடுங்க. நல்லவருக்கு வெளிர் உடுப்பு, துரத்துறவருக்குக் கடும் நிறம், தூரத்தில இருந்தே ஆர் ஆர் எண்டு விளங்கவேணும். கோடு கீறின ஃபில்டரும் தூசி ஃபில்டரும் தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: காயம் வராம விழுறது எப்பிடி?

இதைக் கொஞ்சம் நிண்டு வாசியுங்க.

பஸ்டர் கீட்டன் எண்ட பெரிய சைலண்ட் பகிடிப் பட நடிகர், சின்னனில இருந்தே மேடையில விழுந்து எழும்பிப் பழகினவர். 1924 இல ஒரு படத்துக்காக ரயில் தண்ணித் தாங்கிக்குக் கீழ தொங்கேக்க தண்ணி அமத்தி விழுத்தி, தண்டவாளத்தில பிடரி அடிபட்டது. கழுத்தெலும்பு வெடிச்சது கனக்க வருசத்துக்குப் பிறகுதான் எக்ஸ்ரேயில தெரிஞ்சது. ஹரோல்ட் லொயிட், உயரக் கட்டிடத்தில மணிக்கூட்டு முள்ளில தொங்குவாரே, அவருக்கு வலது கையில பெருவிரலும் சுட்டுவிரலும் இல்லை, 1919 இல விளம்பரத்துக்குப் போட்டோ பிடிக்கேக்க பொய்க் குண்டு எண்டு நினைச்சுக் கையில வைச்சிருந்தது உண்மையா வெடிச்சது. அந்த மணிக்கூட்டுப் படம் 1923, அப்ப அவர் கையுறைக்குள்ள பொய் விரல் வைச்சுத்தான் தொங்கினவர். இன்னொரு விசயம், அவர் தொங்கின சுவரை உயரக் கட்டிடத்தின்ர மொட்டை மாடியில செட்டாக் கட்டி, கீழ ரோட்டு தெரியிற கோணத்தில கமராவை வைச்சவை. அதாவது அவ்வளவு துணிஞ்ச ஆக்களே ஏமாத்தித்தான் எடுத்திருக்கினம். நீங்களும் ஏமாத்துங்க.

எங்கட முறை: விழுற சீன் எல்லாத்தையும் காய்ஞ்ச மணலில வைப்பம். ஈர மணல் சீமெந்து மாதிரி, அதில விழாதீங்க, அலைக்குக் கிட்ட வேண்டாம். விழுறதுக்கு முதல் மணலைக் கையால கிளறிப் பாக்கவேணும், போத்தல் துண்டு, தூண்டில் கொழுக்கி, கிளிஞ்சல் எல்லாம் கிடக்கும். பின்பக்கம் விழேக்க நாடியை நெஞ்சோட ஒட்டி வையுங்க, தலை நிலத்தில அடிக்காது. முதல்ல குந்துங்க, பிறகு உருளுங்க, உயரத்தில இருந்து நேர விழுறதில்லை. கையை நீட்டி ஊண்டாதீங்க, மணிக்கட்டு உடையிறது அப்பிடித்தான், முழங்கையில இருந்து உள்ளங்கை வரைக்கும் ஒரே நேரத்தில நிலத்தில அறைய வேணும். மெதுவா இருபது தரம் பழகிப்போட்டுத்தான் கமரா. கல்லு ரோட்டில விழுற மாதிரிக் காட்டவேணுமெண்டா, ரோட்டில சறுக்கிற வரைக்கும் ஒரு ஷொட், மதிலுக்குப் பின்னால விழுந்து கால் மட்டும் மேல தெரியிற மாதிரி அடுத்த ஷொட், மதிலுக்குப் பின்னால தும்பு மெத்தை. பகிடியும் கூடும்.

சாரம் கட்டி நடிக்கிறவர் உள்ளுக்குக் கட்டைக் காற்சட்டை போடவேணும். இதைச் சொல்ல மறந்து ஒருநாள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: வாழைப்பழத் தோலில வழுக்கி விழுற சீன் பழசாப் போச்சா?

பழசுதான், ஆனா தோலைக் கண்டவுடன சனம் இவன் விழப்போறான் எண்டு நினைக்கும், அந்த நினைப்பை ஏமாத்த அது நல்ல சாமான். உண்மையான தோலில காலை வைக்காதீங்க, அது உண்மையாவே வழுக்கும்.

எங்களுக்கு நடந்தது இது. பிரட்றிக் கோட்டைப் பக்கம் ரோட்டோரமா ஒரு சீன், தோலை வைச்சிட்டு நடிகர் தூரத்தில இருந்து பேப்பர் வாசிச்சுக்கொண்டு நடந்து வாறார், கமரா ஓடுது. ஒரு புள்ளிமான் வந்து தோலைச் சாப்பிட்டிட்டுப் போயிட்டுது. திருமலைக்கு, அதுதான் திருகோணமலைக்கு, வந்தவைக்குத் தெரியும், இங்க மான் ரோட்டில மாடு மாதிரித் திரியும். நடிகர் பேப்பர் வாசிச்சுக்கொண்டே தோல் இருந்த இடத்துக்கு வந்து, பழக்க தோஷத்தில தானாவே விழுந்திட்டார். எங்கட மூண்டு படத்திலயும் ஆக்கள் கூடச் சிரிச்சது அந்த இடத்துக்குத்தான், நாங்கள் ஒருத்தரும் எழுதாத இடம். அதுக்காக மானுக்குத் தோல் காட்டி இழுக்காதீங்க, துரத்தாதீங்க, அதுகள் பாதுகாக்கப்பட்ட மிருகம், பொலித்தீனையும் சாப்பிட்டுச் செத்துப்போற சாதி.

கேள்வி: முகத்தில கேக் எறியிற சீனுக்கு கிறீம் எங்க வாங்கிறது?

கிறீம் எங்கட வெயிலில உருகி ஓடும். ஷேவிங் ஃபோம் கண்ணை எரிக்கும். கிண்ணியாப் பக்கம் வாங்கிற எருமைத் தயிர்தான் சரி, கெட்டியா இருக்கும், முகத்தில ஒட்டும், கறுப்பு வெள்ளையில பளிச்செண்டு தெரியும், கண்ணுக்குள்ள போனாலும் கழுவலாம். சட்டியோட எறியாதீங்க, சட்டி மண். பேப்பர் பிளேட்டில போட்டு, எறியாம உள்ளங்கையால மெதுவா முகத்தில ஒத்துங்க, எடிட்டில எறிஞ்ச மாதிரித் தெரியும். சாப்பாட்டை விளையாட்டுக்கு எடுக்கிறது சரியில்லை எண்டு அம்மம்மா பேசினவ, அவ சொன்னதும் நியாயம், அதால இப்ப கோதுமை மா கொஞ்சம் கரைச்சு மேல மட்டும் ஒரு கரண்டி தயிர் போடுறது. 1927 இல லோரல் ஹார்டி எண்ட பகிடிச் சோடியின்ர ஒரு படத்தில தெரு முழுக்க ஆக்கள் கிறீம் பை (pie) எறிஞ்சு அடிபட்டவை, நீங்கள் ஒண்டே ஒண்டு எறிஞ்சாப் போதும், ஆருக்கு விழுகுது எண்டதுதான் முக்கியம். எறிஞ்ச ஆளுக்குத் திரும்ப விழக்கூடாது, சம்பந்தமே இல்லாம பக்கத்தில நிண்ட கச்சான் (நிலக்கடலை) விக்கிறவருக்கு விழவேணும்.

கேள்வி: எங்கட பெடியளுக்கு நடிக்கத் தெரியாது, கமராவைக் கண்டாச் சிரிக்கிறாங்கள்.

முகத்தால நடிக்க விடாதீங்க. கீட்டன் முகத்தில சிரிப்பே வராது, அவருக்குக் கல்லு முகம் எண்டே பேர். விழுந்த ஆள் முகத்தைச் சுழிச்சா பாக்கிறவைக்கு நோகும், ஒண்டும் நடக்காத மாதிரி எழும்பிச் சேட்டைத் தட்டினாத்தான் சிரிப்பு. எங்கட கூத்தில கட்டியகாரன் வருவாரே, அவர் நடையிலயே சனம் சிரிக்கும், வாய் திறக்க முதலே. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நடை குடுங்க, அது காணும்.

இன்னொரு சுகம் இருக்கு. சத்தம் பதியாத படம் எண்டபடியா கமரா ஓடேக்கயே நீங்கள் கத்தலாம். "நில்லு, இப்ப திரும்பு, பாக்காத, பாக்காத, இப்ப பார்!" எண்டு. காகம் கத்தட்டும், கோயில் ஸ்பீக்கர் பாடட்டும், பக்கத்து வீட்டில கிறைண்டர் ஓடட்டும், ஒண்டும் பிரச்சினை இல்லை. சவுண்ட் இல்லாத படம்தான் எங்கட ஊருக்கு ஏத்த படம்.

கேள்வி: அண்ணா, பெண்பிள்ளையள் விழுந்தா நல்லா இருக்குமா? ஆக்கள் ஏதும் சொல்லுவினமா?

தங்கச்சி, 1914 இலயே மேபல் நோர்மண்ட் எண்ட பெண் கீஸ்டோன் எண்ட படக் கொம்பனியில நடிச்சது மட்டுமில்லை, படங்களை இயக்கியும் இருக்கிறா, சாப்ளின் சினிமாவுக்கு வந்த முதல் வருசம் அது, அவரையும் வைச்சு எடுத்திருக்கிறா. ஆக்கள் எப்பவும் ஏதாவது சொல்லுவினம். எங்கட மூண்டாவது படத்தில துரத்துற ஆளா வந்தது மச்சானின்ர தங்கச்சி, குடையால அடிச்சுக்கொண்டே ஓடுவா, படத்தில நல்லா நடிச்சது அவதான்.

பழைய படத்தில இருக்கிறது எல்லாத்தையும் அப்பிடியே எடுக்கவும் வேண்டாம். அதில கறுப்பின மக்களையும் நொண்டி நடக்கிறவையையும் கேலி செய்யிற சீன் நிறைய இருக்கு. விழுறவர் பெரிய மனுசன் மாதிரி நடக்கிற ஆளா இருக்கட்டும், ஏற்கனவே விழுந்து கிடக்கிற ஆளைத் தள்ளாதீங்க.

கேள்வி: திருமலையில எங்க எடுக்கலாம்?

டச்பே கடற்கரை, உப்புவெளி, விடிய வெள்ளன கடை திறக்க முதல் மெயின் ஸ்ட்றீட். கோட்டைக்குள்ள ஆமி இருக்கு, துறைமுகப் பக்கம் நேவி இருக்கு, அங்க கேக்காம போனைத் தூக்காதீங்க. கோணேசர் கோயில் வளவுக்குள்ள பகிடிப் படம் வேண்டாம், அதுக்கு அனுமதி கேக்கிறதே வெக்கம். ட்ரோன் எண்டா தனி அனுமதி வேணும், எப்பிடியும் இந்தப் படத்துக்கு ட்ரோன் தேவையில்லை. பொதுரோட்டில எடுத்தா கடைக்காரர் ரெண்டு பேரிட்டயாவது முதலே சொல்லி வையுங்க, நாங்கள் சொல்லாம ஒருத்தனைத் துரத்த, உண்மையான கள்ளன் எண்டு ஒரு ஐயா காலை நீட்டித் தடக்கி விட்டிட்டார்.

வெளிச்சம்: எங்கட கடல் கிழக்க. காலம கடலைப் பாத்து எடுத்தா சூரியன் நேர லென்சுக்குள்ள, ஆக்கள் நிழலாத்தான் தெரிவினம். கடல் பின்னால வரவேணுமெண்டா பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எடுங்க, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். பத்தில இருந்து மூண்டு வரைக்கும் எடுக்காதீங்க, கண்ணுக்குக் கீழ கறுப்புக் குழி விழும், நடிகரும் விழுந்திடுவார்.

காத்து: கச்சான் காத்து, அதாவது மேற்குப் பக்கக் காத்து, அடிக்கிற மாசங்களில தொப்பி, பேப்பர், குடை எல்லாம் தானாப் பறக்கும், காசில்லாத ஸ்பெஷல் எஃபெக்ட். ஒரு ஷொட்டில கச்சான் காத்தில கச்சான் சுருள் பறந்து போகும், கறுப்பு வெள்ளையில அந்த வார்த்தை விளையாட்டு ஒருத்தருக்கும் விளங்கேல்ல, சொன்ன பிறகும் சிரிக்கேல்ல. ஐப்பசியில இருந்து தை வரைக்கும் மழை, அப்ப கதையை எழுதுங்க.

கேள்வி: இடையில வாற எழுத்து அட்டை?

மூண்டு நிமிசத்துக்கு நாலு அட்டைக்கு மேல வேண்டாம், ஒண்டில ஆறேழு சொல். ரெண்டு தரம் ஆறுதலா வாசிச்சு முடிக்கிற நேரம் விடுங்க. நடக்கப்போறதை அட்டையில சொல்லாதீங்க. "ஐயா பணிசுக்கு ஓடுகிறார்" எண்டு போட்டா பிறகு எதுக்கு அவர் ஓடவேணும். "காலை உணவு" எண்டு மட்டும் போடுங்க, மிச்சத்தை அவர் பாப்பார். சில எடிட்டிங் ஆப்பில தமிழ் எழுத்து உடையும், கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் போகும், அதால நாங்கள் கறுப்பு அட்டையில சோக்கால எழுதிப் போட்டோ எடுத்துப் போட்டனாங்கள். எந்த ஃபொண்டையும் விட அது வடிவு.

கேள்வி: மியூசிக்குக்கு கொப்பிறைற் வருமா?

பழைய மெட்டுக்கு வராது, ஆனா அதை ஆரோ புதுசா வாசிச்சுப் பதிஞ்சது எண்டா அந்தப் பதிவுக்கு வரும். பீத்தோவன் ஃபியூர் எலிஸ் எழுதினது 1810, அது எல்லாருக்கும் சொந்தம், யூடியூப்பில கிடக்கிற பியானோ பதிவு உங்கட சொந்தம் இல்லை. நீங்களே வாசியுங்க. எங்களுக்கு ஒரு தம்பி கீபோர்டில ஒரு விரலால வாசிச்சான், மச்சான் மிருதங்கம். அந்தக் காலத்திலயும் சைலண்ட் படம் சத்தமில்லாம ஓடினதில்லை, தியேட்டரில பியானோக்காரர் இருந்தவர். விழுற ஒவ்வொரு இடத்திலயும் டொங் எண்டு அடிக்காதீங்க. பெரிய விழுகைக்கு முதல் மிருதங்கத்தை நிப்பாட்டுங்க, அந்த அமைதி நல்லா வேலை செய்யும்.

கேள்வி: செலவு?

சூன் பாண் படத்துக்கு 6,000 ரூபாவுக்குக் கிட்ட. பாதி தேத்தண்ணியும் ரோல்சும், மிச்சம் ஓட்டோவுக்குப் பெற்றோல், அறுபது பணிஸ். நடிக்கத் தேவைப்பட்டது ஒரு பணிஸ்.

கேள்வி: எடுத்து முடிச்சு ஆக்களுக்குக் காட்டினா ஒருத்தரும் சிரிக்கேல்ல, என்ன செய்யிறது?

திரும்ப வெட்டுங்க. லொயிட் தன்ர படத்தை வெளியிட முதல் சனத்துக்குப் போட்டுக் காட்டி, சிரிக்காத இடத்தை மாத்தித்தான் விட்டவர். நீங்கள் வெள்ளைத் துணி கட்டிப் பக்கத்து வீட்டுப் பிள்ளையளைக் கூப்பிட்டுக் காட்டுங்க, கூட்டாளிமாருக்கு வேண்டாம், அவையள் உங்களுக்காகச் சிரிப்பினம். படத்தைப் பாக்காதீங்க, பிள்ளையளின்ர முகத்தைப் பாருங்க, எந்த இடத்தில கண் வேற பக்கம் போகுதோ அந்த நிமிசத்தைக் குறிச்சு வைச்சு வெட்டுங்க. முக்காவாசி நேரம் பிரச்சினை பகிடியில இல்லை, பகிடிக்கு முன்னால இருக்கிற நடையில. ஆள் ரோட்டின்ர அந்தத் தொங்கலில இருந்து இந்தத் தொங்கல் வரைக்கும் நடந்து வருவார், எதுக்கு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

கேள்வி: எனக்கு ஆக்களே இல்லை, தனிய எடுக்கலாமா?

எடுக்கலாம். சாப்ளின் 1916 இல ஒரு முழுப் படம் கிட்டத்தட்டத் தனியாளா நடிச்சிருக்கிறார், குடிவெறியில வீட்டுக்கு வந்தவர் தன்ர வீட்டுத் தளபாடத்தோடயே சண்டை பிடிக்கிறார், கட்டிலுக்குப் போய்ச் சேர ஏலாம நிக்கிறார். உங்கட வீட்டில நுளம்பு வலை இருக்குதானே. போனைக் கட்டிலுக்கு நேர, மேசையில வையுங்க. ஒருத்தன் நித்திரைக்குப் போறான், வலைக்குள்ள ஒரு நுளம்பு. அதை அடிக்க வெளிய வாறான், நுளம்பும் வருது. உள்ளுக்குப் போறான், அதுவும் போகுது. கடைசியில வலைக்குள்ள நுளம்பை விட்டிட்டு இவன் நிலத்தில பாயைப் போட்டுப் படுக்கிறான். நுளம்பைக் காட்டத் தேவையில்லை, கண்ணால அதைத் துரத்தினாக் காணும், ஆனா கண் போற பாதை ஒரே சீரா இருக்கவேணும், அதுக்கு முதல் நாள் ஒரு கயிற்றில பஞ்சுத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பழகுங்க.